பழைய ஜெட்டியின் மூன்றாவது பார்வையாளர்

"கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு கப்பல் வேலைக்கு எப்படிக்கா போனீங்க?" என்று போன மாதம் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்கு எதிரே ஒரு மாடி அறையில் நான் இப்போது ஏற்றுமதிக்கான காகித வேலைகளைச் செய்து தருகிறேன். ஃபியூஸ் கட்டை, விளக்கு, பொம்மை என்று இங்கிருந்து வெளிநாடு போகும் பெட்டிகளுக்குக் கப்பல் பார்த்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வேலை பழக வரும் பெண்கள் என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். இந்தப் பெண் கூடவே இன்னொன்றும் கேட்டாள். "அவ்ளோ நல்ல வேலைய ஏன்க்கா வுட்டுட்டு வந்தீங்க?"

நான் விடவில்லை, வேலைதான் என்னை விட்டது. எங்கள் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருவது குறைந்துபோய், நான் இருந்த ஏஜென்சி அந்தக் கிளையை மூடியது. மூடிய அன்றைக்கே எங்கள் மேலாளர் அந்தோணி சாருக்குப் பணி ஓய்வு. அவருக்குச் சால்வை போட்டவர்கள் மிச்சமிருந்த ஒன்றை எனக்கும் போட்டார்கள். அவர் தலை நரைத்தவர், எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. "நீயும் ரிட்டயர்டுதாம்மா. மரியாதையா வீட்டுக்குப் போ," என்றார். ஆகவே ஓய்வு பெற்றவள் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். துறைமுகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

என் அப்பா பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். அம்மா மெருகுத் தொட்டியில் ஃபியூஸ் கட்டைகளை முக்கி எடுப்பார். இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்தது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்றுதான். ஏஜென்சியின் நேர்முகத் தேர்வில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "சூளை அடுக்குகிறார்" என்று நிமிர்ந்துதான் சொன்னேன். அது என்ன வேலை என்று அந்தோணி சார் திரும்பக் கேட்டார். சட்டியை எப்படி அடுக்க வேண்டும், எங்கே இடைவெளி விட வேண்டும், இடைவெளி பிசகினால் எந்தப் பக்கம் கருகும் என்று சொன்னேன். வேறு எதுவும் கேட்காமல் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேங்வே என்கிற சாய்வு ஏணியில் புடவையோடு ஏற முடியாது என்று சுடிதாருக்கு மாறினேன். ஏஜென்ட் என்பவர் கரையில் கப்பலுக்கு இருக்கும் உறவுக்காரர் மாதிரி என்று புரிந்துகொண்டேன். கப்பலுக்குத் தண்ணீர் வேண்டும், காய்கறி வேண்டும், ஒருவனுக்குப் பல்வலி, ஒருவன் ஊருக்குப் போக வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தோணி சார் கப்பலுக்குப் போகும் நாளில் ஷூவைத் தானே துடைத்துக்கொள்வார். எவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வாக்கி டாக்கியில்கூட எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போல "தயவுசெய்து" போட்டுத்தான் பேசுவார். படகுக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைப் போலவே பேசிச் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். அவருக்குக் கோபம் வருகிற ஒரே சொல் "ஆயிடும் சார்." யாராவது அப்படிச் சொன்னால், "ஆயிடும்னு சொல்லாத. என்ன ஆச்சு, என்ன ஆகல, அத மட்டும் சொல்லு," என்பார்.

நான் சேர்ந்த சில காலத்தில், இரண்டாயிரத்து நான்கில், உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வந்தது. வேலி இருக்க வேண்டும், வாசல் இருக்க வேண்டும், யார் உள்ளே வந்தார் யார் வெளியே போனார் என்பதற்குக் கணக்கு இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாருக்கும் ஒரே விதிதான், நடைமுறை ஊருக்கு ஊர் வேறு. பெரிய துறைமுகங்களில் ஈ நுழைய முடியாது. எங்களிடம் இரண்டு ஜெட்டிகள், அதாவது கப்பலைக் கட்டும் கரைமேடைகள். புதிய ஜெட்டிக்கு மட்டும் வேலியும் கேட்டும் போட்டுச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். பழைய ஜெட்டிக்கு ஒரு பக்கம்தான் சுவர். அதிலும் மீன் ஏலக் கொட்டகைப் பக்கம் ஒரு லாரி போகும் அளவுக்கு இடிந்து கிடந்தது. அதன் வழியாக மீன்காரப் பெண்கள், சைக்கிள்கள், ஆடுகள் எல்லாம் போய்வரும்.

இதனால் எங்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது, வந்துபோகும் கப்பலுக்குத்தான் ஆபத்து. கண்டிப்பான ஒரு நாட்டுக்குப் போகும் கப்பலிடம், கடைசியாகத் தொட்ட பத்துத் துறைமுகங்களின் பெயரைக் கேட்பார்கள். அதில் ஒன்று தளர்வானது என்று தெரிந்தால் கப்பலைக் கடலிலேயே நிறுத்திவைத்துச் சோதனை போடுவார்கள். யாராவது கள்ளத்தனமாக ஏறி ஒளிந்திருக்கிறானா என்று ஒவ்வொரு அறையாகத் தேடுவார்கள். ஆட்களைக் கரையில் இறங்க விட மாட்டார்கள். எங்கள் சுவரின் ஓட்டை கப்பலோடு கூடவே பத்துத் துறைமுகங்களுக்குப் போகும். இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்ட கேப்டன்கள் எங்கள் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் கிளை மூடியதன் காரணம் அதுதான்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அது ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து நிற்கும் என்று பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் விருத்தாசலத்தில் வீட்டில் இருந்தேன். அம்மாவோடு மெருகுத் தொட்டியில் வேலை பார்க்கும் பூங்காவனக்கா வந்தார். ஊர் கருவேப்பிலங்குறிச்சி, தினமும் பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகிறவர். கூடத்தில் உட்காராமல் நேரே என்னிடம் வந்து நின்றார்.

"ஒங்க அம்மா சொல்லுது, நீ கப்பல் ஆபீஸ்ல இருக்கியாமே. எந் தம்பி முருகவேலு கப்பல்லதான் ஃபிட்டரா இருக்குறான். அவன் கப்பலு ஒங்க தொறைமுகத்துக்குத்தான் உரம் ஏத்திக்கிட்டு வருதாம். நெசமா?"

கப்பலின் பெயரைக் கேட்டேன். நிஜம்தான். அந்தக் கப்பலுக்கு நாங்கள்தான் ஏஜென்ட்.

முருகவேல் கப்பலேறும்போது மனைவி தனலட்சுமிக்கு ஐந்தாம் மாதம். பிறந்தது பெண் குழந்தை. இப்போது தவழ்கிறது. தகப்பன் இன்னும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை அந்தக் கப்பல் ஒரு பெரிய துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. தனலட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். உள்ளே விடவில்லை. அவனையும் வெளியே விடவில்லை.

"அங்க ரொம்ப கண்டிசனாம்," என்றார் பூங்காவனக்கா. "ஒங்க தொறைமுகத்துல அப்படில்லாம் இல்லியாமே. யாரு வேணாலும் போலாம் வரலாமாமே. கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிட்டு வந்திருக்குறேன். தம்பி புள்ளையப் பாத்துட்டான்னா, அதுக்கு கொளஞ்சியம்மான்னுதான் பேரு." கொளஞ்சியப்பர் எங்கள் ஊருக்குப் பக்கத்து முருகன்; குறையைச் சீட்டில் எழுதி அவர் கோயிலில் கட்டுவதுதான் பிராது.

"தனலட்சுமிக்கு அந்தப் பேர் புடிக்குதா?" என்று அம்மா கேட்டார்.

"அதுவா? அது வாயத் தெறந்தாதானே புடிக்குதா புடிக்கலியான்னு தெரியும்."

எங்கள் துறைமுகம் தளர்வாக இருப்பதுதான் அவருடைய நம்பிக்கை. அந்தத் தளர்வுதான் தடையாகும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டுப் பாக்கறேன்க்கா. நான் போன் பண்ணாம கெளம்பாதீங்க," என்று மட்டும் சொன்னேன்.

கப்பல் வந்த அன்று புதிய ஜெட்டியில் வேறொரு கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஆகவே எங்கள் கப்பலைப் பழைய ஜெட்டியில் கட்டினார்கள். கேப்டன் பிலிப்பைன்ஸ்காரர், சாந்தோஸ் என்று பெயர். சிறிய உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. கப்பல் கட்டப்படும்போதே மேலே நின்று அந்த இடிந்த சுவரைப் பார்த்துவிட்டார். நானும் அந்தோணி சாரும் அவர் அறைக்குப் போனபோது முதல் வேலையாக அதைத்தான் பேசினார். இங்கிருந்து நேரே ஆஸ்திரேலியா போகிறார்கள். அங்கே கேள்வி வரும். ஆகவே கப்பல் தன் பாதுகாப்பைத் தானே ஒரு படி உயர்த்திக்கொள்கிறது. கேங்வேயில் இரண்டு காவல். யாரும் கரைக்கு இறங்கக் கூடாது. பார்வையாளர் யாரும் ஏறக் கூடாது.

நான் முருகவேலைப் பற்றிச் சொன்னேன். கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பெரிய துறைமுகத்தில் நான் அனுமதித்தேன், அவர்கள் அனுமதிக்கவில்லை. இங்கே அவர்கள் அனுமதிப்பார்கள், நான் அனுமதிக்க முடியாது. அந்த ஆளிடம் நானே சொல்லிவிட்டேன்," என்றார்.

வெளியே வரும்போது தளத்தில் எண்ணெய்க் கறை படிந்த வேலை உடையில் ஒருவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தமிழ்ப் பெண் என்று தெரிந்திருக்க வேண்டும். "விருத்தாசலத்துலேருந்து யாராச்சும் வந்தாங்களாங்க?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வரவேணாம்னு சொல்லிடுங்க. பச்சப் புள்ளைய வெயில்ல அலைக்கழிக்க வேணாம்," என்றார். அவர்தான் முருகவேல்.

பூங்காவனக்காவின் ஊர்க் கடைக்குப் போன் போட்டேன். "அவங்க காலையிலயே வேன் புடிச்சிப் போயிட்டாங்களே," என்றார் கடைக்காரர். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. ஒருவரைப் பார்க்கப் போவதென்றால் ஒருவர் போக மாட்டார்கள். பங்காளி வீடு, சம்பந்தி வீடு, எதிர் வீடு எல்லாம் ஏறிக்கொள்ளும். புளிசாதமும் முறுக்கு டின்னும் ஏறிக்கொள்ளும்.

நான் துறைமுக வாசலில் போய் நின்றேன். வேன் வந்தது. நிலைமையைச் சொன்னேன். தனலட்சுமி கடைசி சீட்டில் குழந்தையோடு இருந்தாள். குழந்தையின் தலையில் போட்டிருந்த துண்டை மட்டும் இழுத்துவிட்டாள். மற்ற எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் அவர்களை டீக்கடை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, சாரிடம் இன்னொரு தடவை பேசலாம் என்று ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் படி ஏறும்போதே கப்பலிலிருந்து விசில் சத்தம் கேட்டது.

பூங்காவனக்கா டீக்கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மீன் கூடையோடு பெண்கள் சுவர் ஓட்டை வழியாகப் போகிறார்கள். ஆடு போகிறது. யாரும் யாரையும் கேட்கவில்லை. "இவ்ளோ பெரிய வழி தொறந்து கெடக்குது, அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு ஆபீசுக்கு ஓடுது?" என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். நேரே கப்பலின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்து, "டேய் முருகவேலு, தம்பீ, இங்க பாருடா," என்று கூப்பிட்டிருக்கிறார். கேங்வேக் காவலாளி விசில் ஊதினான். தளத்தில் ஆட்கள் ஓடிவந்தார்கள். முருகவேல் கைப்பிடிக் கம்பியோரம் வந்து குனிந்து பார்த்தார். கீழே அக்கா. அக்கா இடுப்பில் துண்டு போர்த்திய ஒரு சின்னத் தலை. முகம் தெரியவில்லை. அதற்குள் அவரை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். பூங்காவனக்காவைத் துறைமுகக் காவலாளி ஏழுமலை வந்து கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார்.

கேப்டன் பயந்தது எதுவோ அதைப் பட்டப்பகலில் அவர் கண்முன்னால் நடத்திக் காட்டிவிட்டோம்.

"சார், நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரவா?" என்றேன். அந்தோணி சார் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மன்னிப்பு அவருக்கு எதுக்கும்மா? ஆஸ்திரேலியாவுல காட்டவா?" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கேப்டன் அறையில் அவர் பேசியதை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள்.

"உங்கள் காவலாளி அந்த அம்மாவை உடனே பார்த்துவிட்டார். ஆகவே உங்கள் பக்கம் சரியாக இருக்கிறது. எங்கள் பக்கம் சரியில்லை. அதை மறுக்க நான் வரவில்லை."

"ஏஜென்ட்டுகள் மறுக்கத்தான் வருவார்கள்," என்றார் கேப்டன்.

"மதியத்துக்குள் இந்த ஜெட்டிக்கு ஒரு வாசல் செய்து தருகிறேன். எது துறைமுகத்தின் பொறுப்பு, எது கப்பலின் பொறுப்பு என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடுவோம். உங்கள் விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கேட்டால் அதைக் காட்டலாம். ஒரு ஓட்டைச் சுவர் இருந்தது என்று சொல்வதைவிட அது மேல்."

"குடும்பம்?"

"குடும்பத்தைப் பற்றி நான் இப்போது கேட்கவில்லை. வாசலைப் பார்த்த பிறகு கேட்பேன்."

கேப்டன் அந்தோணி சாரின் ஷூவைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

எங்களிடம் இறக்க வேண்டிய உரம் கொஞ்சம்தான்; மாலையில் கடல்நீர் ஏறும்போது கப்பல் கிளம்ப வேண்டும். அந்த உறுதிமொழியை எழுதியது நான். துறைமுகப் பாதுகாப்பு அதிகாரிக்குக் கையெழுத்துப் போட விருப்பமில்லை. போட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். "இது எந்தக் காலத்துலேருந்தோ மீன்காரங்க போற வழி சார்," என்றார். "கப்பல் கெளம்பற வரைக்கும் மட்டும் சார். அப்புறம் அவங்க வழி அவங்களுக்கு," என்று அந்தோணி சார் அவர் எதிரே நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் அதிகாரி கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்த வாசல் என்பது டீக்கடையில் கிடந்த காலி எண்ணெய்ப் பீப்பாய்களும் கப்பல் கயிறும்தான். சுவர் ஓட்டையை அடைத்து, ஜெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரே ஒரு இடத்தில் வழி விட்டு, அங்கே மேசை போட்டு ஏழுமலையை உட்காரவைத்தோம். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள்.

"நேத்து வரைக்கும் இப்டித்தான போனோம்? இன்னிக்கி இன்னா புது எல்லக்கோடு?"

"பேர் சொல்லிட்டுப் போங்கம்மா," என்றார் ஏழுமலை.

"எம் பேரு தெரியாதவன் எவன்டா இந்தத் தொறைமுகத்துல? ஒனக்கே தெரியாதா? கடன்ல மீன் வாங்கறப்ப மட்டும் தெரியுமா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்.

அந்த வாசல் கப்பல் போகும் வரைதான் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் பீப்பாய்கள் டீக்கடைக்குத் திரும்பிவிட்டன. ஆஸ்திரேலியாவில் கேள்வி கேட்டார்கள், கையெழுத்திட்ட காகிதத்தைப் பார்த்துவிட்டு விட்டார்கள் என்று கேப்டன் பிறகு எழுதினார். ஒரு கப்பலுக்கு ஒரு பகல் சரியாக நடந்துகொண்டோம். எல்லாக் கப்பலுக்கும் எல்லா நாளும் அப்படி நடந்திருந்தால் நான் இன்னும் அங்கேதான் இருந்திருப்பேன்.

மதியத்துக்குமேல் கேப்டன் தளத்தில் வந்து நின்று வாசலைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தோணி சார் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். மூன்று பேர், ஒரு மணி நேரம் என்று பதில் வந்தது. அக்கா, மனைவி, குழந்தை. வேனில் வந்த மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று முறுக்கு டின்னையாவது கொண்டுபோகச் சொன்னார்கள். அதுவும் கூடாது என்றேன்.

ஏழுமலை பூங்காவனக்காவின் வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதினார். தனலட்சுமியின் அட்டையைப் பார்த்து எழுதினார். பிறகு பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாப்பா பேரு?"

"பாப்பாதாங்க," என்றார் பூங்காவனக்கா.

"பாப்பா சரி. பேரு?"

"இன்னும் வைக்கல. அப்பங்காரன் வந்துதான் வைக்கணும்னு நிறுத்தி வச்சிருக்குறோம்."

ஏழுமலை பேனாவை மேசையில் வைத்துவிட்டார். நேற்று வரை ஆட்டைக்கூடக் கேட்காமல் விட்ட மனிதர். "பேர் இல்லாம எப்படிங்க வுடறது? கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார்.

அவர் சொன்னது சரி. கப்பலை நோக்கி வரும் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்படும், பெயர் எழுதப்படாத யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்ற வரியை எழுதியவள் நான். எழுதியபோது நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"தனலட்சுமியின் குழந்தைன்னு எழுதிக்கங்க," என்றேன்.

"நீ எழுதின வரிதானே சுமதி," என்றார் அந்தோணி சார். கோபமில்லை. "மூணாவது பேர்லயே தளர்த்திட்டா எப்படி? கேப்டன் மேலேருந்து பாத்துக்கிட்டிருக்கார்."

"அப்ப ஏதாவது ஒரு பேர எழுதிடலாமே சார்."

"அப்பன பாக்கப் போற புள்ளைய பொய்ப் பேர்லயா அனுப்புவ?"

"அதான் பேரு இருக்குதே," என்றார் பூங்காவனக்கா. "கொளஞ்சியம்மான்னு எழுதுங்க."

கயிற்றுக்கு வெளியிலிருந்து எதிர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இந்தக் காலத்துல ஸ்கூல்ல சிரிப்பாங்க பூங்காவனம். ஹரிணி, தாரிணின்னு வையி."

"நீ ஒம் பேத்திக்கு வச்சிக்க. அது மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரியுது ஹரிணி ஹரிணின்னு."

எல்லாரும் சிரித்தார்கள். தனலட்சுமி சிரிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்தோணி சார் வாக்கி டாக்கியை எடுத்தார். "கேப்டன், மூன்றாவது பார்வையாளருக்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் சூட்ட வேண்டியவர் உங்கள் கப்பலில் இருக்கிறார். அவரைத் தயவுசெய்து பேச அனுமதிக்க முடியுமா?" என்று கேட்டார். மறுபக்கம் ஆளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு முருகவேலின் குரல் வந்தது. அந்த அலைவரிசையில் இருந்த படகு, இழுவைக் கப்பல், கரை ஆபீஸ் எல்லாருக்கும் அது கேட்டிருக்கும்.

"யக்கா. நீ ஆசைப்பட்ட பேரே வச்சிடு. தனத்துக்கு மட்டும் சம்மதமான்னு ஒரு வார்த்த கேளு."

பூங்காவனக்கா தனலட்சுமியைப் பார்த்தார். தனலட்சுமி முதல் தடவையாக எங்கள் பக்கம் வந்தாள். அந்தோணி சார் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கினாள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டினேன்.

"ஏங்க. நான் ஏற்கெனவே ஒரு பேரு சொல்லித்தான் கூப்பிடறேன். யாரும் இல்லாதப்ப. எல்லார் எதிர்லயும் என் வாயால அந்தப் பேரச் சொல்லக் கூடாது. ஒங்க அம்மா பேருதாங்க."

மருமகள் மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கப்பல் பக்கமிருந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு கேப்டனின் குரல் கேட்டது. "ஏஜென்ட், கொஞ்சம் காத்திருங்கள்."

"எங்கம்மா போனப்ப அவன் நடுக்கடல்ல இருந்தான்," என்றார் பூங்காவனக்கா யாரையும் பார்க்காமல். "மொகம் பாக்கல. சேதி போயிச் சேரவே நாளாச்சு."

காத்திருந்தோம். மறுபடி முருகவேலின் குரல் வந்தபோது அது ஒரே வார்த்தையாக இருந்தது. "சரி."

பூங்காவனக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். காதருகே குனிந்து, அத்தைக்குரிய முறைப்படி, மூன்று தடவை சொன்னார். ரகசியமாகச் சொல்வது வழக்கம். அவர் ஏழுமலைக்குக் கேட்கும்படி சொன்னார். "அஞ்சலை. அஞ்சலை. அஞ்சலை."

"அப்ப கொளஞ்சியப்பர் பிராது?" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"அவரு அடுத்ததுக்கு வச்சிக்குவாரு. கோச்சிக்க மாட்டாரு."

ஏழுமலை எழுதினார். அந்தோணி சார் மறுபடி வாக்கி டாக்கியைத் தூக்கி, அதே அமைதியோடு, "கேப்டன், மூன்றாவது பார்வையாளர் செல்வி அஞ்சலை, உங்கள் ஃபிட்டரின் மகள், வாசலில் இருக்கிறார்," என்றார்.

"செல்வி அஞ்சலை வரலாம்," என்று பதில் வந்தது. இழுவைக் கப்பலிலிருந்து யாரோ ஒருவர், தமிழில், "நல்லா இருக்கட்டும்," என்றார்.

நான்தான் அவர்களைக் கேங்வே வரை அழைத்துப் போனேன். ஏறுகிறவர்களுக்குத் தலைக்கவசம் உண்டு. குழந்தைக்குப் பொருந்தாது. ஆகவே காவலாளி ஒரு கவசத்தைக் குழந்தையின் தலைக்குமேல் குடை போலப் பிடித்துக்கொண்டே கூட ஏறினான். முருகவேல் மேலே நின்றிருந்தார். கையை அத்தனை தேய்த்துக் கழுவியிருக்கிறார், விரல்கள் சிவந்திருந்தன. நீட்டினார். குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டு அழுதது. பூங்காவனக்காவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டு அறையில் போய் உட்கார்ந்தார்கள். தூக்க விடாத குழந்தையின் ஒரு பாதத்தை மட்டும் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தையும் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் முடிந்ததைக் கேப்டன் சொல்லவில்லை. சமையல்காரர் கேக் ஒன்றைக் கொண்டுபோனார். அது முடியட்டும் என்று விட்டார்கள். நான் எட்டிப் பார்த்தபோது குழந்தை அவருடைய மார்பில் வேலை உடையின் பித்தானைக் கடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்து, தனலட்சுமி மெல்லிய குரலில் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவ்வளவு பேசுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இறங்கும்போது குழந்தை தனலட்சுமியின் தோளில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது என்று தெரிந்திருக்கும். வாசலில் ஏழுமலை நோட்டைத் திருப்பி வைத்தார். உள்ளே போகிறவர்களுக்கு மட்டுமில்லை, வெளியே போகிறவர்களுக்கும் பெயர் எழுத வேண்டும். பூங்காவனக்கா தன் பெயரைச் சொல்லிவிட்டு முன்னால் போனார். தனலட்சுமி தன் பெயரைச் சொன்னாள்.

"கொழந்த பேரு சொல்லும்மா," என்றார் ஏழுமலை.

தனலட்சுமி நாத்தனாரைப் பார்த்தாள். பூங்காவனக்கா கயிற்றுக்கு வெளியே நின்றபடி, "இன்னா பாக்குற? சொல்லு. இனிமே நீதான கூப்பிட்டாவணும்," என்றார்.

அவள் குழந்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா," என்றார் ஏழுமலை.

"அஞ்சலை," என்றாள் தனலட்சுமி. கப்பலில் கம்பியோரம் நின்றவருக்கும் கேட்டிருக்கும்.